நிறுத்தி வைத்த காருக்குள் எலி புகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? சேலம், ஏற்காடு கார்க்காரர்களுக்கு

புதிதாகக் கார் வாங்குபவர்கள் சீட் கவர், மேட், கேமரா என்று எல்லாவற்றையும் நாலு கடை விசாரித்து வாங்குகிறார்கள். எலியைப் பற்றி மட்டும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஒரு நாள் காலையில் செக் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி திணறித் திணறி ஓடி, மெக்கானிக் பானட்டைத் திறந்து “எலி கடிச்சிருக்கு சார்” என்று சொல்லும்போதுதான் விஷயமே தெரிகிறது. ஒற்றை ஒயர் என்றால் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். வயரிங் செட்டையே மாற்ற வேண்டி வந்தால் செலவு பல ஆயிரங்களுக்குப் போகும், சாமான் வரும்வரை வண்டியும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

கடையில் விற்கும் ஸ்பிரே, உருண்டை, சத்தம் எழுப்பும் கருவி இவற்றிலிருந்து தொடங்காதீர்கள். எலிக்கு வேண்டியவை மூன்று: தீனி, மறைவு, தொந்தரவு இல்லாத இடம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசையும் அதன்படிதான்.

எலி ஏன் காரைத் தேடி வருகிறது

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தபடியேதான் அது வாழ முடியும். அதனால் ஒயரைக் கடிப்பது பசிக்காக மட்டும் இல்லை. இப்போதைய வண்டிகளில் சோயா கலந்த ஒயர் உறை வருவதால்தான் கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் இதை வைத்துக் கார் நிறுவனங்கள் மேல் வழக்கே போட்டார்கள். ஆனால் பழைய வண்டிகளின் சாதாரண பிளாஸ்டிக் ஒயரையும் எலி விட்டு வைத்ததில்லை. ஆகவே “என் வண்டி பழைய மாடல், கவலை இல்லை” என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு காரணம் சூடு. ஓடி வந்து நின்ற என்ஜின் வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் சாக்கடையிலும் வங்கிலும் தண்ணீர் ஏறியதும், எலிக்கு உலர்ந்த, சூடான, இருட்டான இடம் தேவைப்படுகிறது. நம் ஊரில் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள்தான் இதில் மோசம். மழை பிடிப்பதும் அப்போதுதான், ஆயுத பூஜை வருவதும் அப்போதுதான். வண்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் படைக்கிறோம். அந்தப் பொரியில் ஒரு பிடி சீட் இடுக்கிலும் மேட்டுக்கு அடியிலும் சிந்திக் கிடக்கும். பூஜை முடிந்த அன்றைக்கே உள்ளே முழுக்கப் பெருக்கிவிடுங்கள். மாலையையும் காய விடாமல் மறுநாளே எடுத்துவிடுங்கள்.

முதலில், வருவது எது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாம் எலி என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. சுண்டெலி பென்சில் நுழையும் ஓட்டை கிடைத்தாலே உள்ளே போய்விடும். சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் கூடு கட்டுவது பெரும்பாலும் இதுதான். வீட்டெலி நன்றாக மரம் ஏறும். தென்னை மரத்திலும் ஓட்டுக் கூரையிலும் குடியிருந்துகொண்டு, ராத்திரி டயர் வழியாக ஏறி என்ஜினுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பெருச்சாளி மண்ணில் வங்கு தோண்டுவது. சாக்கடை ஓரத்திலும் காம்பவுண்டுச் சுவர் அடியிலும் குவிந்த புது மண்ணைப் பார்த்தால் அதன் வேலை என்று தெரிந்துகொள்ளலாம். இவற்றோடு அணிலையும் சேர்க்க வேண்டும். பகலில் வெளியே நிற்கும் வண்டியில் ஒயர் போனால் அணிலின் மேலும் சந்தேகப்படுங்கள். மூஞ்சூறு கீச்சிட்டுக்கொண்டு பூச்சி பிடிக்க அலையும் பிராணி, ஒயர் பக்கம் போகாது. அதை விட்டுவிடலாம்.

அடையாளம் தேட ஐந்து நிமிடம் போதும். பானட்டைத் திறந்து, போன் டார்ச்சை அடித்து பேட்டரியின் மேல்புறம், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளம், இந்த மூன்று இடங்களைப் பாருங்கள். புழுக்கை அரிசி அளவோ அதற்கும் சிறிதோ இருந்தால் சுண்டெலி. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் என்றால் பெரிய எலி. காய்ந்த இலை, பஞ்சு, பிளாஸ்டிக் பைத் துணுக்கு ஒரு மூலையில் சேர்ந்திருந்தால் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு மெத்தையில் பிய்த்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டுக்கு வேண்டிய பஞ்சை எலி அங்கிருந்துதான் எடுக்கும்.

ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறதா? இரவில் வண்டியை நிறுத்தியதும் நாலு டயரைச் சுற்றியும் தரையில் கோலமாவை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் அதில் அப்படியே விழுந்திருக்கும். எந்த டயர் வழியாக ஏறுகிறது, எந்தச் சுவர்ப் பக்கமிருந்து வருகிறது என்பதும் புரிந்துவிடும். பொறி வைக்க வேண்டிய இடமும் அதுவே. கல் கோலமாவைத்தான் தூவ வேண்டும். அரிசி மாவைத் தூவினால் அதுவே தீனியாகிவிடும்.

தீனியை எடுங்கள்

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய் தட்டுவடை செட் வாங்கி, காருக்குள்ளேயே சாப்பிடுவது சேலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தத் தட்டுவடைத் தூள் சீட் பெல்ட் கொக்கி சொருகும் சந்தில் போய் விழும். கையால் எடுக்க வராது. வாரம் ஒரு தடவை வேக்குவம் கிளீனரின் மெல்லிய மூக்கைப் போட்டு அந்தச் சந்தை உறிஞ்சி எடுங்கள். மாம்பழப் பருவத்தில் டிக்கியில் பெட்டி ஏற்றினால் இறக்கிய கையோடு டிக்கியைத் துடையுங்கள், சாறு ஒழுகியிருக்கும். ரேஷன் அரிசி மூட்டை, குச்சிக்கிழங்கு, மாட்டுத் தீவனம், நாய்த் தீனிப் பை எதுவுமே இரவு முழுக்க வண்டியில் இருக்கக் கூடாது. கிளவ் பாக்ஸில் கிடக்கும் சாக்லேட்டையும் டிஷ்யூ பேப்பரையும் மறந்துவிடாதீர்கள். ஒன்று சாப்பாடு, மற்றது படுக்கை.

வண்டிக்கு வெளியே இருப்பதையும் பாருங்கள். பார்க்கிங்கிலேயே குப்பைத் தொட்டி, தெருநாய்க்கு வைத்த சோற்றுத் தட்டு, புறாவுக்குப் போட்ட தானியம் என்று இருந்தால் நீங்கள் காருக்குள் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசித்தான் ஆக வேண்டும். நாய்க்குச் சோறு வைப்பவர்களிடம் வைக்காதே என்று சண்டை போட வேண்டியதில்லை. பார்க்கிங்கிலிருந்து தள்ளி வைத்து, நாய் தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடச் சொன்னால் போதும்.

நிறுத்தும் இடம்

இடத்துக்கு இடம் தொல்லை வேறு. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் தானிய மூட்டையும் வெல்லமும் இறங்கும் மண்டித் தெருக்களில் எலி இல்லாத நாளே கிடையாது. அங்கே இரவில் தெருவோரம் நிறுத்துபவர்கள், கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை என்று வெளிச்சமான, சாக்கடை மூடிய பக்கமாக நிறுத்துவது நல்லது. ஆத்தூர் சாலையில் சேகோ ஆலைகளுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், காய்கிற கிழங்குத் திப்பிக்கு வரும் எலிகள் உங்கள் வண்டிக்கும் வரும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் மாதிரி இடங்களில் தோட்டத்துப் புதரும் தென்னையும்தான் கவனிக்க வேண்டியவை.

எலி சுவரை ஒட்டியே ஓடும், திறந்த வெளியில் போகத் தயங்கும். அதனால் வண்டியைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிறுத்துங்கள். இடம் இல்லாவிட்டால் என்ஜின் பக்கத்தையாவது வெளிப்பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். பழைய டயர், பெயின்ட் டப்பா, அட்டைப் பெட்டி, கட்டட வேலையில் மிஞ்சிய பலகை, இவையெல்லாம் ஷெட்டிலிருந்து வெளியேற வேண்டும். சுவரில் இருக்கும் ஓட்டையைச் சும்மா சிமெண்ட் வைத்துப் பூசினால் காய்வதற்குள் பறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை முதலில் திணித்துவிட்டு அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே விரல் போகிற சந்து இருந்தால் ரப்பர் பட்டைக்குப் பதிலாகத் தகடு அடிக்கச் சொல்லுங்கள். ரப்பரை எலி ஒரே இரவில் தின்றுவிடும்.

கார் கவர் போடுபவர்களுக்கு ஒன்று. தரைவரை தொங்கும் கவர் எலிக்கு நல்ல கூடாரம். வெயிலுக்காகப் பகலில் போட்டுக்கொள்ளுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால் டயர் தெரியும் அளவுக்காவது மேலே தூக்கிக் கட்டுங்கள்.

பூட்டிய ஷெட் உள்ளவர்கள் பானட்டை இரவு முழுக்கத் திறந்தே வைத்து, மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கையும் எரியவிடுவார்கள். மறைவு போய்விடுவதால் எலி தங்கத் தயங்கும். செலவில்லாத இந்த வழியை நான் எல்லோருக்கும் சொல்வேன். பானட் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிற வண்டி என்றால் மட்டும் அந்த விளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கும்.

வழியை அடையுங்கள்

கேபினுக்குள் எலி வரும் முக்கியமான வழி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வாய். ஏசியில் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலை, உள்காற்றையே சுழற்றும் நிலை என்று இரண்டு இருக்கும். வண்டியை அணைப்பதற்கு முன் உள்காற்று நிலைக்கு, அதாவது காருக்குள் அம்பு வளைந்து சுற்றுகிற படம் போட்ட பொத்தானுக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். பல வண்டிகளில் அந்தக் கதவு மூடியபடியே நிற்கும். வரும் வழி அதோடு அடைபட்டுவிடும். இது பழக்கமாகிவிட வேண்டும்.

அடுத்து, அந்தக் காற்று வாயில் கம்பி வலை வைக்கச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத எஃகு வலை, கண் அளவு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலை வேலைக்கு ஆகாது. இதை மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். வலையின் முனை தளர்ந்து ஃபேனிலோ பெல்ட்டிலோ பட்டால் எலியைவிடப் பெரிய சேதம் வரும். ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் போகும் இடத்தை அடைக்கவே கூடாது, என்ஜின் சூடாகிவிடும்.

ஒயர்களுக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. ஒரு தடவை கடிபட்ட இடத்தில் மெக்கானிக்கிடம் சொல்லி, சுருள் சுருளாக இருக்கும் பிளாஸ்டிக் குழாயோ கம்பி பின்னிய உறையோ போட்டுவிடுங்கள். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருள் தடவிய டேப் ஒன்றையே இதற்காக விற்கிறது. கடித்த வாய் எரியும், அவ்வளவுதான். எந்த நிறுவனத்து வண்டியிலும் சுற்றலாம். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் எந்த டேப்பையும் சுற்றாதீர்கள்.

ஓட்டுங்கள்

வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியில்தான் எலி குட்டி போடும். சினைக்காலமே சுமார் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிக்குக் குறையாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வண்டியை எடுத்து, கால் மணி நேரமாவது ஓட்டி, முடிந்தால் வேறு பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். எடுப்பதற்கு முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே பூனை படுத்திருந்தாலும் ஓடிவிடும்.

வாசனை, சத்தம், மருந்து

பானட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் டிரைவர்களின் பழைய வழக்கம். முதல் சில நாளைக்கு எலி ஒதுங்கும். காய்ந்து வாசனை போனதும் பழையபடி வரும். வைப்பதென்றால் சின்னத் துணிப்பையில் கட்டி, சூடான பாகங்களிலிருந்து தள்ளி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஸ்பிரேயும் இப்படித்தான், திரும்பத் திரும்ப அடித்தால்தான் பலன். அந்துருண்டையைக் கேபினுக்குள் போடவே போடாதீர்கள். மூடிய காருக்குள் அந்த ஆவி குழந்தைகளுக்குக் கெடுதல். மண்ணெண்ணெய் தடவுவது ரப்பரைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் வழிசெய்யும்.

நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எலி அந்தச் சத்தத்துக்குச் சில நாளில் பழகிவிடுகிறது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும், நிரூபிக்க முடியாத பலனைச் சொல்லி விற்காதீர்கள் என்று எச்சரித்தது.

விஷத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். காருக்குள்ளோ என்ஜின் பக்கத்திலோ எலி மருந்து வைக்காதீர்கள். தின்ற எலி உடனே சாகாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால் அதைப் பிரித்து எடுக்கும் செலவு ஒயர் மாற்றும் செலவுக்குச் சமமாக வரும். அந்த எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும்கூடச் சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடையே இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நச்சால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஏசி ஓடுகிற, கண்ணாடி ஏற்றிய கார் வீட்டு அறையைவிடச் சின்ன இடம்.

பொறி வைப்பதென்றால் கூண்டுப் பொறியே மேல். பசை அட்டையில் ஒட்டிய எலி நாள்கணக்கில் துடித்துச் சாகும். மனசாட்சி உள்ளவர்கள் அதை வாங்க வேண்டாம். கூண்டுக்குள் தேங்காய்ச் சில்லை அடுப்பில் லேசாகச் சுட்டு மாட்டுங்கள். மசால் வடையும் கருவாடும்கூட நன்றாக இழுக்கும். எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம். முதல் இரண்டு மூன்று இரவு கதவை விழாமல் கட்டிவிட்டுத் தீனி மட்டும் வையுங்கள். பயமில்லாமல் வந்து தின்னத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பிள்ளையார் வாகனத்தைக் கொல்ல மனசு வராதவர்கள் பிடித்ததை அடுத்த தெருவில் விடக் கூடாது. வீடும் வயலும் இல்லாத இடமாக, ஒன்றிரண்டு கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். கூண்டைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

ஏற்காட்டில் இரவு தங்கினால்

மலையில் மூன்று விஷயம் மாறுகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இரவுக் குளிரில் சூடான என்ஜின் எலியைக் கீழே இருப்பதைவிட அதிகமாக இழுக்கும். அப்புறம், சுற்றிலும் காப்பித் தோட்டம். மிளகுக் கொடியும் பலா மரமும் சில்வர் ஓக்கும் அடர்ந்த நிழலில் நிறுத்தினால் எலி, அணில் இரண்டுமே வரும். விடுதியில் இறங்கியதும் தோட்டத்தை ஒட்டிய பக்கம் வேண்டாம், முன்புறம் விளக்கடியில் நிறுத்துகிறேன் என்று கேளுங்கள். கோடை விழா நாட்களில் இடம் கிடைப்பது கஷ்டம்தான். விறகுக் குவியல், சமையல்கட்டின் பின்புறம், பழுத்து விழுந்த பலாப்பழம் இருக்கும் இடம், இந்த மூன்றையும் விட்டு எங்கே கிடைத்தாலும் சரி.

மூன்றாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அடிவாரம்வரை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். சமவெளியில் ஒயர் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. அதனால் காலையில் கிளம்பும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பானட்டைத் திறந்து கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு, பிரேக் ஆயில் அளவு இரண்டையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், கூலண்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்து பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையாமல் எரிந்தால் சக்கரத்துக்குப் போகும் சென்சார் ஒயர் கடிபட்டிருக்கலாம். எலிக்கு எட்டும் இடத்தில்தான் அந்த ஒயர் ஓடுகிறது. சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈர ரோட்டில் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏற்காட்டிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அவர் போகலாம் என்று சொன்ன பிறகு, குறைந்த கியரில் மெதுவாக இறங்குங்கள்.

எஸ்டேட் பங்களாவில் மாதக்கணக்கில் ஜீப்பையோ காரையோ விட்டுவிட்டுப் போகிறவர்கள், காவல்காரரிடம் சாவியைக் கொடுத்து வாரம் இருமுறை ஓட்டச் சொல்லுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் வைக்கோல், சாக்குப் பை போடாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால்

பெட்ரோல் வாடை அடித்தாலோ அறுந்த ஒயர் செம்பு தெரிய நின்றாலோ சாவியைத் திருப்பாதீர்கள். செம்புக் கம்பி ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும். முதலில் போனில் படம் எடுங்கள்: கடித்த இடம், புழுக்கை, கூடு, வண்டி எண் தெரியும்படி ஒன்று. பிறகு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். மின்சாரக் காரிலும் ஹைபிரிட்டிலும் ஆரஞ்சு நிறக் கேபிளை நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ தொடவே கூடாது. அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் எலிக்கடிக்குப் பணம் வராது. முழுக் காப்பீட்டிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை வேறு. அதனால் புதுப்பிக்கும்போதே “எலி கடிச்சா கிடைக்குமா?” என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் ஒயரை மாற்றக் கூடாது. 1,500 சிசி வரையுள்ள வண்டிக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக உங்கள் கையிலிருந்துதான் போகும். உரிமை கோரினால் 20 முதல் 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸும் (உரிமை கோராத வருடங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். ஆகவே ஒரு ஒயர், ஒரு ஹோஸ் என்றால் சொந்தக் காசில் முடித்துவிடுங்கள். வயரிங் செட் என்றால் கோருங்கள்.

கூட்டை எடுக்கும்போது அவசரம் வேண்டாம். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் தட்டினாலோ வேக்குவம் போட்டாலோ தூசி மூக்கில் ஏறும். கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பேப்பர் துண்டால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஒயர் இணைப்புகளில் பிளீச் படக் கூடாது. அங்கே லேசாக நனைத்த துணி போதும். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவிப் போடாமல் புதிதாகவே மாற்றுங்கள். மாற்றி முடிக்கும்வரை ஏசி ஃபேனைப் போடாதீர்கள்.